கழுதைக் காதுக்குள் திரும்பும் வாள்

என் அன்புத் தம்பி சேவியருக்கு,

அடுத்த மாதத்தோடு நீ போய் ஒரு வருடம், உன் ஆண்டுப் பூசை. நினைவு மலரில் போட ஒரு கவிதை எழுதித் தரச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்கள். வாழ்நாளெல்லாம் விஞ்ஞானம் படிப்பித்தவளுக்கு எங்கிருந்து கவிதை வரும்? எனக்கு உன்னிடம் செய்தி சொல்லத்தான் ஆசை. ஆகவே கடிதம் எழுதுகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த சிலதைத் திரும்பவும் விளக்குவேன். நான் ஒன்றை இரண்டாம் தரம் சொல்லும்போது நீ கொட்டாவி விடுவாய். அப்படியே விட்டுக்கொண்டு கேள்.

முதலில் நீ கேட்கக்கூடிய கேள்விக்குப் பதில். ஓம், ஜெசிந்தா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். உன் மனைவி என்பதால் சொல்லவில்லை, அவள் எங்கள் எல்லோரையும்விடத் தைரியமான ஆள். முதல் சில மாதங்கள் உன் தச்சுக் கொட்டிலின் கதவைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் தானே திறந்து, கூட்டி, ஆணிகளில் வளையம் வளையமாகத் தொங்கிய, மரம் அறுக்கும் வாள்களையெல்லாம் துடைத்து எண்ணெய் பூசினாள். உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காமலிருக்க நீ சுறா எண்ணெய்தான் பூசுவாய் என்று அவளும் அதையே பூசினாள். எங்கள் ஊர் பேசாலையில் உள்ள பூனைகளில் பாதி அன்று கொட்டில் வாசலில் வந்து குந்தியிருந்தன. அவள் சிரித்ததை நெடுநாளுக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன்.

அதன்பிறகு அவள் மெசினை ஓட்டத் தொடங்கினாள். அதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

தெரியாதவர்களுக்காக: சேவியர் தச்சுவேலைக்காரன். அவனிடம் பாண்ட்சோ என்கிற சின்ன மரம் அறுக்கும் மெசின் ஒன்று இருந்தது. மேலே ஒரு சில்லு, அதாவது சக்கரம், கீழே ஒரு சில்லு, இரண்டையும் சுற்றிப் பட்டி போல ஓடும் ஒரு வாள். நடுவில் உள்ள மேசையில் பலகையைத் தள்ளினால் அறுத்துத் தரும். வாளின் அகலத்தை எங்கள் பக்கத்துத் தச்சர்கள் நூல் கணக்கில் சொல்லுவார்கள். அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல். சேவியர் எப்போதும் மாட்டி வைத்திருந்தது நாலு நூல் வாள், அதாவது அரை அங்குலம். அந்தச் சின்ன மெசினுக்குப் போடக்கூடியதில் ஆக அகலமானது அதுதான்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ அறுத்தது கதவு நிலை, யன்னல் சட்டம், மீன் பெட்டிப் பலகை. எல்லாம் நேர்கோடு. நேராக ஓட அகலமான வாள் நல்லது. நெடுஞ்சாலையில் போக பஸ் வசதி. ஆனால் அதே பஸ்ஸைப் பேசாலையில் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் கொண்டுவந்து திருப்பிப் பார். மதில் இடிபடும், இல்லாவிட்டால் பஸ் நசுங்கும். ஒழுங்கைக்கு ஓட்டோதான் சரி. வாளும் அப்படித்தான். பலகைக்குள் அது போட்டுக்கொண்டு போகிற மெல்லிய கோடுதான் அதன் ஒழுங்கை. அகலமான வாளின் முதுகுக்கு அதற்குள் திரும்ப இடம் கிடையாது.

இது ஏன் இப்போது பெரிய விஷயமானது என்றால், யோசப் வந்திருந்தான். ஜெசிந்தாவின் அண்ணன், முருங்கனில் வயல் செய்கிறவன். நல்ல மனிதன், அவனைப் பிழையாக எழுதமாட்டேன். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் கதைத்தான்.

"ரீச்சர், பிள்ளை குட்டியும் இல்லை. உந்தத் தனிவீட்டிலை இவள் என்ன செய்யப்போறாள்? என்ரை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்கு. மெசினுக்கு அடம்பனிலை ஒரு ஆள் கேட்டிருக்கிறான். நெல்லு வெட்டு முடிய நான் ட்ராக்டரோடை வாறன். எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போவம்."

"அண்ணை, நான் இஞ்சை நிண்டு உழைப்பன்," என்றாள் ஜெசிந்தா.

"எதை உழைப்பாய்? கதவு நிலை செய்யிறதெண்டால் மரம் தூக்க ரெண்டு ஆள் வேணும். சரி, வெட்டு முடியிறதுக்கிடையிலை உருப்படியா ஒரு வேலை பிடிச்சுக் காட்டு. நான் பிறகு வாய் திறக்கமாட்டன்."

அவள் பிடித்தாள். மன்னார் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் ரஹீம் நானாவின் கடை இருக்கிறதே, பனையோலைப் பெட்டியும் கருவாடும் விற்கிற கடை, அங்கே போய்த் தானே கேட்டாள். கொழும்பிலிருந்து வருகிற சனம் இப்போது தெருவில் நிற்கிற கழுதைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறது. கையில் கொண்டுபோக மரத்தில் சின்னக் கழுதை இருந்தால் வாங்குவார்கள் என்பது அவளுடைய எண்ணம். மாதிரிக்கு ஒன்று கொண்டு வரச் சொன்னார் ரஹீம் நானா. பிடித்தால் ஒவ்வொரு மாதமும் எடுப்பதாகவும் சொன்னார்.

ஒரு சாண் உயரம், ஒன்றரை அங்குலத் தடிப்பான வேப்பம் பலகை. அவள் கடதாசியில் கீறிய கழுதை நன்றாகத்தான் இருந்தது. மெசினுக்குள் போய் வந்ததுதான் வேறு ஏதோ. காதுக்கு நடுவில் வாள் திரும்பவில்லை. கழுத்திலிருந்து முதுகுக்கு இறங்குகிற குழிவிலும் திரும்பவில்லை. திரும்பாத இடமெல்லாம் நேராகப் போயிற்று. தள்ளிய இடத்தில் மரம் கருகிற்று. அதைத்தான் மாதிரிக்குக் கொண்டுபோனாள், நானும் அவளுடன் பஸ்ஸில் போனேன். ரஹீம் நானா அதைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, ஒரு பக்கம் பார்த்து, மறுபக்கம் பார்த்தார்.

"தங்கச்சி, இது கழுதையெண்டு நீங்க சொல்றதால நான் நம்புறேன். வாற சனத்துக்கு நீங்க பக்கத்தில நிண்டு சொல்லுவீங்களா?"

கடையில் வேலை செய்கிற மனிசி எட்டிப் பார்த்து, "ஆட்டுக்குக் கொம்பு முளைக்கிற நேரம் இப்பிடித்தான் இருக்கும்," என்றாள்.

வேறு ஊர் என்றால் தப்பியிருக்கலாம், சேவியர். மன்னாரில் கழுதையைப் பிழையாகச் செய்துவிட்டு யாரை ஏமாற்ற முடியும்? கடைக்கு வெளியே இரண்டு உயிரோடு நின்றன. ரஹீம் நானா நல்லவர். "இன்னொண்டு செஞ்சு கொண்டாங்க, அவசரமில்ல," என்றார். எங்களுக்குத்தான் அவசரம். முருங்கன் பக்கம் வெட்டு மெசின்கள் வயலில் இறங்கிவிட்டன.

திரும்பி வரும்போது, வாளை மாற்றினால் சரி என்று பஸ்ஸிலேயே சொன்னேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தும் மாற்றவில்லை. அதே நாலு நூல் வாளோடு மல்லுக்கட்டினாள். வளைவுக்கு நேராக வெளியிலிருந்து சின்னச் சின்ன வெட்டாக வெட்டி, துண்டு துண்டாக விழ வைத்துப் பார்த்தாள். கெட்டித்தனம்தான். ஆனால் கழுதையின் முதுகு முழுக்கப் படி படியாக வந்தது. இன்னொரு நாள் வளைவுக்குள் போய் இறுகிய வாளை, மெசின் ஓட ஓடப் பின்பக்கமாக இழுத்தாள். வாள் சில்லிலிருந்து கழன்று, பெட்டிக்குள் அடித்துக்கொண்டு நின்றது. நான் ஓடிப் போய்ச் சுவிச்சை நிறுத்தினேன்.

"ஜெசி, மெல்லிய வாள் ஆணியிலை தொங்குது. ஏன் பிள்ளை உந்தப் பிடிவாதம்?"

"மச்சாள், அதை மாத்தச் சொல்லாதேங்கோ."

"ஏன்?"

"அவர் தொடக்கூடாதெண்டு சொன்னவர்."

அப்போதுதான் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. உனக்கும் மறந்திருக்காது. ஒரு கதிரைக் கை வளைக்க வேண்டும் என்று நீ இரண்டு நூல் வாளை மாட்டினாய். நானும் ஜெசிந்தாவும் தேத்தண்ணியோடு கொட்டிலுக்குள் வந்தோம். வாள் அறுந்தது. அவ்வளவுதான். ஒரு வாள் அறுந்தால் வேறு ஊரில் திரும்பிப் பார்ப்பார்கள். நாங்கள் மூன்று பேரும் நிலத்தில் விழுந்து படுத்தோம். வெடிச் சத்தத்துக்கு யுத்த காலத்தில் எங்கள் உடம்பு பழகின வேலை அது. தேத்தண்ணிக் கோப்பை நொறுங்கிற்று, ஜெசிந்தா முகம் குப்புறக் கிடந்தாள், எழும்பவில்லை. பயத்தில் கிடந்தாள். நீ அவளுக்குப் பட்டுவிட்டது என்று நினைத்தாய். அவளைப் புரட்டி, தலையைத் தடவி, கழுத்தைத் தடவி, இரத்தம் எங்கே என்று தேடினாயே. எங்குமில்லை என்று தெரிந்தபிறகு நீ கத்திய கத்தல்.

"நான் இல்லாத நேரம் மெல்லிய வாளைத் தொட்டியோ, தெரியும்."

அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்டவாளம் போட்ட மாதிரி அந்த ஒரு சொல்லில் ஓடிக்கொண்டிருந்தாள். நெல் வெட்டு முடிகிறது, யோசப் வரப்போகிறான், வீடு பூட்டப்படப்போகிறது. அவளோ நீ போட்ட தடையை மீறாமல் நாலு நூல் வாளால் கழுதைக்குக் காது வெட்டப் பார்க்கிறாள். கோபிப்பதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் அந்த அறுந்த வாளைத் தேடி எடுத்தேன். நீ எதையும் எறிகிறவன் இல்லையே. இரண்டு முனைகளையும் சேர்த்த ஒட்டுக்குப் பக்கத்தில் இல்லை, நல்ல இரும்பில்தான் அறுந்திருந்தது. மெசினின் மேல்பக்கத்தில் வாளை இறுக்குகிற திருகைப் பார்த்தேன். பக்கத்தில் வாளின் ஒவ்வொரு அகலத்துக்கும் ஒரு கோடாகக் குறி போட்டிருக்கிறார்கள். முள் நாலு நூலில் நின்றது. மற்றக் குறிகளின் மேல் துரு ஏறியிருந்தது.

"ஜெசி, அண்டைக்கு மெல்லிய வாளைப் போடேக்கை அவன் இறுக்கத்தைக் குறைச்சவனோ?"

அவள் யோசித்தாள். "எந்த வாளைப் போட்டாலும் திரும்ப நாலு நூலுக்குத்தான் இறுக்குவார், மச்சாள். இறுக்கமா இருந்தால்தான் நேரா ஓடும் எண்டுவார்."

தம்பி, விஷயம் அவ்வளவுதான். கப்பல் கயிற்றை இழுக்கிற மாதிரி நீ தூண்டில் நரம்பை இழுத்திருக்கிறாய். அறாமல் என்ன செய்யும்? மெல்லிய வாளில் பிழை இல்லை. அகலத்துக்கு ஏற்ற இறுக்கம் என்று ஒன்று இருக்கிறது. உன்னிடம் இதைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "அக்கா பள்ளிக்கூடத்தைக் கொட்டிலுக்குள்ளை கொண்டு வந்திட்டா," என்றிருப்பாய். பிறகு நான் போனபிறகு திருகைத் தளர்த்தியிருப்பாய்.

ஜெசிந்தாவுக்கு அந்தக் கணக்கு விளங்கியது. ஆனால் விளங்கியது போதவில்லை. அவள் கேட்டது வேறு.

"அது சரி மச்சாள். ஆனா அவர் சொன்னது சொன்னதுதானே?"

இந்த இடத்தில்தான் நான் உனக்குப் பதிலாகப் பேசினேன். "அவன் நான் இல்லாத நேரம் எண்டு சொன்னது, மன்னாருக்குப் போயிட்டுப் பின்னேரம் திரும்பி வாற ஆளாய்ச் சொன்னது, ஜெசி. இப்பிடி ஒரு இல்லாததை அவன் நினைச்சுச் சொல்லேல்லை. அவனுக்கு உன்னிலை காயம் படக்கூடாது. வேறை ஒண்டுமில்லை."

அவள் முந்தானையால் வாளின் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவர் நிண்டால் இப்ப என்ன சொல்லுவார்?" என்றாள்.

"கண்ணாடியைப் போடு எண்டுவான். வாளைக் கழட்டேக்கை கையுறை போடு, மெசின் ஓடேக்கை கையுறையைக் கழட்டு எண்டுவான். அக்காவைத் தள்ளி நிக்கச் சொல்லு எண்டுவான்."

"கடைசியாச் சொன்னதை அவர் கட்டாயம் சொல்லுவார்," என்றாள்.

நான் சொன்னது சரியா, சேவியர்? உன் வாயிலிருந்து வராத சொல்லை உன் பேரில் கொடுத்துவிட்டேன். நீ இருந்து மறுக்கமாட்டாய் என்பது வசதியாகவும் இருந்தது, கஷ்டமாகவும் இருந்தது.

அடுத்த நாள் காலையில் அவளே வாளைக் கழற்றினாள். நான் தள்ளித்தான் நின்றேன். இப்போது எந்த வாள் என்ற கேள்வி. அவள் ஒரேயடியாக ஆக மெல்லிய ஒரு நூல் வாளைத் தூக்கி, திருகை அதன் குறிக்குத் தளர்த்தி மாட்டினாள். காதுக்குள் எல்லாம் அழகாகத் திரும்பியது. ஆனால் நேராக வரவேண்டிய வயிறும் கால்களும் கடல் அலை மாதிரி வந்தன. ஒன்றரை அங்குலத் தடிப்புக்குள் அந்த நரம்பு வாள் தன்பாட்டுக்கு அலைந்தது. பிள்ளைகள் பரீட்சையில் விடுகிற பிழையும் இதுதான். ஒரு விடை பிழை என்று தெரிந்ததும் அதற்கு நேர் எதிரானதுதான் சரி என்று பாய்ந்து எழுதுவார்கள்.

ஆகவே அவளைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோப்பையின் கீழ்த்தட்டு, கோப்பை, தண்ணீர்ப் போத்தல் மூடி, சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் மேசையில் வைத்தோம். நாலு நூல் வாள் தட்டின் விளிம்பைச் சுற்றி வரும், அதைவிடச் சின்ன வட்டத்துக்குள் வராது. மூன்று நூல் கோப்பையின் வாயைச் சுற்றும். இரண்டு நூல் போத்தல் மூடியைச் சுற்றும். ஒரு நூல் பொத்தானைச் சுற்றும். போனில் பார்த்த அளவுகள்தான், மிச்சப் பலகையில் வெட்டியும் சரிபார்த்தோம். அந்தந்த வாளுக்குத் திருகை அந்தந்தக் குறிக்குத் திருப்பினோம். பிறகு கழுதைப் படத்தின் மேல் இவற்றை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

போத்தல் மூடி கழுத்துக் குழிவில் போய் அளவாக இருந்தது. வயிறும் காலும் சேர்கிற மூலைகளிலும் இருந்தது. காதுகளுக்கு நடுவில் மட்டும் பொத்தான்தான் போனது.

"அப்ப காதுக்காக முழுக் கழுதையையும் ஒரு நூலாலை வெட்டோணுமோ?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நான் வாய் திறக்க முன்பே, "வேண்டாம். அந்த இடத்திலை துளையைப் போட்டிட்டால்?" என்றாள்.

துளை போடுகிற மெசினால் காதுகளின் அடியில் முதலே ஒரு வட்டத் துளை. பிறகு வாள் இரண்டு பக்கத்திலிருந்தும் நேராக வந்து துளைக்குள் விழுந்தால் போதும், திரும்பவே தேவையில்லை. எனக்கு இது தோன்றவில்லை. திரும்ப வேண்டிய வளைவுக்குள் திரும்பக்கூடிய வாள்களில் ஆக அகலமானதை எடு என்பதுதான் நான் சொல்ல வைத்திருந்த பாடம். கடினமான ஒரு வளைவை வாளிடம் கொடுக்காமலே விடலாம் என்பதை அவள் சேர்த்தாள். இரண்டு நூல் வாள் மாட்டப்பட்டது. வாளை இரண்டு பக்கமும் தாங்குகிற கட்டைகளைப் பல்லில் படாமல் பின்னுக்குத் தள்ளி வைத்தாள். கையால் சில்லைச் சுற்றிப் பார்த்தாள். சுவிச்சில் கை வைத்துவிட்டு, கண்ணை மூடிச் சிலுவை போட்டாள். நானும் போட்டேன்.

வாள் அறவில்லை. மரம் கருகவில்லை. மெசினின் முனகல்கூட இல்லை. அந்தச் சின்னச் சில்லுகளில் உன் நாலு நூல் வாளை வளைத்து வைத்து அதை எவ்வளவு காலம் வருத்தியிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

ரஹீம் நானா இந்தத் தரம் கழுதையைக் கண்ணாடி அலுமாரியின் மேல் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். கடை மனிசியைக் கூப்பிட்டார்.

"இது ஆர் தெரியுதா?"

"காலமைக்கு வந்து வாழைப்பழத் தோல் திங்கிறதுதானே," என்றாள் அவள்.

அன்றைக்கே அடுத்த மாதத்துக்கும் சேர்த்துக் கழுதைகள் செய்யச் சொல்லிவிட்டார்.

யோசப் சொன்னபடியே வந்தான். ட்ராக்டர் பெட்டியில் கயிறும் பழைய சாக்குகளும் கிடந்தன, மெசினைச் சுற்றிக் கட்டுவதற்கு. ஜெசிந்தா வாளை நிறுத்திவிட்டுத்தான் வெளியே வந்தாள். தலைமயிர், புருவம், சட்டை எல்லாம் மரத்தூள். அவன் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தான். தட்டில் வரிசையாகக் கழுதைகள் நின்றன. ஒன்றை எடுத்துக் காதைத் தடவிப் பார்த்தான், வைத்தான். என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவளுடைய கதையை அவள்தானே சொல்ல வேண்டும்?

"அண்ணை, இவ்வளவு தூரம் வந்த ட்ராக்டர் வெறுமையாப் போகக்கூடாது," என்றாள். "உள்ளுக்கு மரத்தூள் குவிஞ்சு கிடக்கு. உந்தச் சாக்குகளிலை அள்ளிக்கொண்டு போங்கோ. மாட்டுக்குக் கீழை போட நல்லது."

அவன் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். அண்ணனும் தங்கையுமாகச் சாக்குகளை நிரப்பினார்கள். போகும்போது, "அறை சும்மாதான் கிடக்கும், பெருநாளுக்கெண்டாலும் வந்து நில்லு," என்றான். அவளும் வாறன் என்றாள்.

இப்போது அவளுக்கு வேறு எண்ணம் வந்திருக்கிறது. பிள்ளைகள் இருந்து ஆடுகிற பெரிய கழுதை, கீழே வளைந்த கால்களோடு. அதற்கு எந்த வாள் என்று நேற்றுக் கேட்டாள். எனக்கு விடை நாக்கு நுனியில் நின்றது. அடக்கிக்கொண்டு, நீயே கீறிப் பார் என்றேன். தம்பி, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒரு ஆசிரியை தரக்கூடியதில் ஆகக் கஷ்டமானது இதுதான். அவள் வாள் மாற்றும்போதெல்லாம் நான் கொட்டில் வாசலில் தள்ளி நிற்பேன், சுவிச்சுக்கு எட்டக்கூடிய தூரத்தில். அவள் பிழையாக எடுத்தாலும், பலகை வீணாகும் வரைக்கும் பொறுத்திருப்பேன். கைக்கு ஆபத்து என்றால் மட்டும் வாய் திறப்பேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
உன் பெரியக்கா, ஜெசியின் மச்சாள்